குத்தகை நிலமும் கல்லி சகோதரர்களின் காகிதங்களும்



இங்கிலாந்தின் விவசாயப் புரட்சி என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்ததெல்லாம் பிரபுக்களின் கதை. டர்னிப் கிழங்கைப் பரப்பிய டவுன்ஷெண்ட் பிரபு, ஹோக்கம் மாளிகையின் கோக் என்று நாலைந்து பெயர்கள் வரும், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பிரபுக்களுக்கு வருஷம் தவறாமல் குத்தகைப் பணம் கட்டிய விவசாயிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். உழுதது, விதைத்தது, ஆடு மாடு பெருக்கியது, நஷ்டத்தைத் தாங்கியது எல்லாம் அவர்கள்தான்.

முதலில் ஒரு விஷயம். குத்தகை விவசாயி என்றதும் ஒன்றிரண்டு ஏக்கரை வாரத்துக்கு எடுத்து, அறுவடை முடிந்ததும் களத்திலேயே பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஏழையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய குத்தகைக்காரர் என்றால் நானூறு, ஐந்நூறு, சில சமயம் ஆயிரம் ஏக்கரைக் கையில் வைத்திருந்த ஆள். குதிரையில் ஏறிப் போய் வயலைப் பார்ப்பார். பத்துப் பதினைந்து ஆட்களை வைத்து வேலை வாங்குவார். ஆனால் ஒரு சென்ட் நிலம்கூட அவர் பெயரில் இருக்காது.

ஏற்பாடு இப்படித்தான். நிலம், வீடு, தானியக் கொட்டகை, மாட்டுத்தொழுவம் எல்லாம் நிலக்கிழாருடையவை. விதை, ஆடு மாடு, குதிரை, கலப்பை, ஆள் கூலி ஆகியவற்றுக்கான முதல் குத்தகைக்காரருடையது. அதற்கும் கீழே, முதலும் இல்லாமல் நிலமும் இல்லாமல் உடம்பை மட்டும் வைத்திருந்த கூலியாள். பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817இல் எழுதிய நூலில் விளைச்சலை மூன்றாகப் பங்கிட்டுக் காட்டுகிறார் அல்லவா? வாடகை, லாபம், கூலி. அவர் அதைக் கற்பனையில் வரையவில்லை. கண்ணெதிரே இருந்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் வரைந்தார்.

குத்தகைப் பத்திரத்தில் காலக்கெடு எழுதியிருக்கும். நார்ஃபோக்கிலும் வடகோடியில் நார்தம்பர்லாந்திலும் இருபத்தோரு வருஷம் என்பது சாதாரணம். வேறு பல இடங்களில் பத்திரமே இல்லாமல், நிலக்கிழார் இருக்கச் சொல்லும்வரை இருக்கலாம் என்ற நிலைமை. பத்திரத்தில் நிபந்தனைகளும் உண்டு. ஒரே வயலில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் தானியம் போடக் கூடாது. வைக்கோலையும் உலர்புல்லையும் வெளியே விற்கக் கூடாது. பண்ணையிலேயே மாட்டுக்குப் போட்டு, எருவாக்கி, அந்த நிலத்துக்கே கொட்ட வேண்டும். வருஷத்தில் இரண்டு நாள் வாடகை நாள். தெற்கே அது மார்ச் 25, செப்டம்பர் 29 ஆகிய தேதிகளை ஒட்டி வரும்.

இருபத்தோரு வருஷம் என்பதைக் குத்தகைக்காரரின் இடத்திலிருந்து பாருங்கள். நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டு, வடிகால் வெட்டி, எரு கொட்டி, மண்ணைத் தேற்றி எடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அடுத்த பத்து வருஷத்தில்தான் அந்த உழைப்பு காசாக வேண்டும். கடைசி மூன்று நான்கு வருஷத்தில் இனிமேல் இதில் போடலாமா, போட்டால் திரும்ப வருமா என்ற கணக்கு. போட்டுவிட்டுப் பத்திரம் புதுப்பிக்கப்படாவிட்டால் எருவும் வடிகாலும் நிலக்கிழாருக்கு. அதோடு, நிலத்தை நன்றாக வைத்திருந்ததற்காக அடுத்த பத்திரத்தில் வாடகையும் ஏறும்! இந்த அநியாயத்துக்கு நஷ்டஈடு வேண்டும் என்று விவசாயிகள் கேட்டு, 1875இல் ஒரு சட்டம் வந்தது. நிலக்கிழார் விரும்பினால் ஒதுக்கிவிடலாம் என்று அதிலேயே ஓட்டை வைத்திருந்தார்கள். 1883இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

நிலம் தன் பெயரில் இருப்பவனுக்கு அவன் பத்திரமே ஆவணம். குத்தகைக்காரரின் சொத்தோ நடமாடும் சொத்து, நாள்பட்டுத் தேயும் சொத்து: மந்தை, மண்ணில் போட்ட எரு, மிச்சமிருக்கும் குத்தகைக் காலம், மண்டைக்குள் இருக்கும் அனுபவம். எழுதி வைத்தால்தான் எது எவ்வளவு என்று அவருக்கே தெரியும். இருந்தும் பெரும்பாலானோர் எழுதவில்லை. அரசாங்கமும் எழுதச் சொல்லவில்லை. 1842இல் பிரதமர் பீல் வருமான வரியை மறுபடி கொண்டுவந்தபோது, இங்கிலாந்து விவசாயியின் லாபம் இவ்வளவு என்று கணக்குக் கேட்கவில்லை; அவர் கட்டும் வாடகையில் பாதிதான் லாபம் என்று வைத்துக்கொண்டு வரி போட்டார். வாடகையை வைத்து வரி போடும் இந்தப் பழக்கம் ஏதோ ஒரு வடிவில் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை நீடித்தது. ஆகவே, போன நூற்றாண்டுகளின் விவசாயக் கணக்கேடு ஒன்று நமக்குக் கிடைக்கிறது என்றால், அதை எழுதியவர் யாருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை. அதனால்தான் அந்தக் காகிதங்களுக்கு இத்தனை மதிப்பு. இப்படிப்பட்ட பண்ணைக் கணக்குகளைத் திரட்டி வைத்திருக்கும் இடங்களில் முக்கியமானது ரெடிங் பல்கலைக்கழகம் 1951இல் தொடங்கிய ஆங்கிலக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகம்.

இப்போது ஆட்களுக்கு வருகிறேன். ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் இருவர்.

ஆசிரியர் ராபர்ட் பேக்வெல். 1725இல் பிறந்தவர். லெஸ்டர்ஷயரில் லஃப்பரோ ஊருக்கு அருகே டிஷ்லி கிரேஞ்ச் என்ற 440 ஏக்கர் பண்ணை. பாட்டன், தகப்பன், இவர் என்று மூன்று தலைமுறையாக அதே பண்ணையில் குத்தகைக்காரர்கள். உலகத்துக்கு இவரை ஆட்டினம் வளர்த்தவர் என்று தெரியும். நெருங்கிய ரத்த உறவுள்ள ஆடுகளையே மறுபடி மறுபடி சேர்த்து, சீக்கிரம் கொழுக்கிற, எலும்பு சிறுத்த, கறி மிகுந்த 'நியூ லெஸ்டர்' செம்மறியை உருவாக்கினார். டார்வின் தன் நூலில் இவரைக் குறிப்பிடுகிறார்.

ஆனால் எனக்கு இவரிடம் அதிசயமாகப் படுவது இவருடைய வியாபார மூளை. நல்ல கிடாவை விற்கவில்லை. பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். யோசித்துப் பாருங்கள், தானே வாடகை நிலத்தில் இருப்பவர், வாடகைக்கு விடக்கூடிய ஒரு சொத்தைத் தனக்கென்று படைத்துக்கொண்டார்! 1760 வாக்கில் முதல் கிடாவுக்குக் கிடைத்தது ஒரு கினிக்கும் குறைவு. கினி என்பது இருபத்தோரு ஷில்லிங். முப்பது வருஷத்துக்குள் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான கினி வருமானம் வந்தது. கிடா போய்ச் சேரும் ஊர்களிலெல்லாம் பிறக்கும் குட்டிகளைப் போய்ப் பார்த்து, எந்தக் கிடாவின் வாரிசு எப்படி என்று தெரிந்துகொண்டார். அதாவது ஊரார் செலவில் தன் கிடாக்களைச் சோதித்துக்கொண்டார்.

1770 வாக்கில் டிஷ்லிக்குப் போன ஆர்தர் யங் என்ற எழுத்தாளர் மூக்கில் விரல் வைக்காத குறையாக வியந்து எழுதியிருக்கிறார். பூதாகாரமான பொலிகாளைகளைச் சின்னப் பையன் ஒருவன் கையில் குச்சியை வைத்துக்கொண்டு ஓட்டிப் போகிறான். அடிக்காமல் கத்தாமல் பழக்குவது அந்தப் பண்ணையின் வழக்கம். சிற்றோடையிலிருந்து வாய்க்கால் வெட்டிப் புல்வெளிக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். அறுத்த டர்னிப்பை அந்த வாய்க்காலிலேயே போட்டு மிதக்கவிட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுவந்தார்களாம். கழுவுகிற வேலையும் மிச்சம்.

வீட்டுக்குள்ளே போனால் இன்னும் வேடிக்கை. பழைய ஆடு மாடுகளின் எலும்புக்கூடுகள். உப்புநீரில் ஊறப்போட்ட தொடைக் கறித் துண்டுகள். பாட்டன் ஆட்டின் எலும்பு எவ்வளவு தடிமன், பேரன் ஆட்டின் எலும்பு எவ்வளவு, கொழுப்பு எத்தனை விரற்கடை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக. பேக்வெல்லின் ஆவணக் காப்பகம் அதுதான். எழுதிய வம்சாவளிப் புத்தகம் எதையும் அவர் வெளியே காட்டியதில்லை. எந்தக் கிடாவை எந்த ஆட்டோடு சேர்த்தார் என்பது தொழில் ரகசியம். 1783இல் டிஷ்லி சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியபோது உறுப்பினர்களையும் அந்த ரகசியத்துக்குள் கட்டிப்போட்டார்கள்.

விளைவு? 1795இல் அவர் போய்விட்டார், முறையும் பெரும்பாலும் அவரோடு போய்விட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடெல்லாம் புகழ் பரவியிருந்த காலத்திலேயே, 1776இல், இவர் திவால் ஆனார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் சாப்பாடு, பரிசோதனைக்கெல்லாம் செலவு. எலும்பை அளந்த மனிதர் வரவு செலவை அளந்தாரா என்பது என் சந்தேகம். அவர் கைப்பட எழுதியதில் நமக்கு மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி ஒரு மாணவருக்கு எழுதிய கடிதங்கள். அவற்றை அந்த மாணவர் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தன.

அந்த மாணவர்தான் ஜார்ஜ் கல்லி. அவரும் அண்ணன் மேத்யூவும் டரம் மாவட்டத்து டென்டன் என்ற ஊர்க்காரர்கள். குடும்பத்துக்குச் சொந்த நிலம் உண்டு. ஆனால் ஆங்கில வழக்கப்படி மூத்தவருக்கே சொத்து, இளையவர்கள் பிழைக்க வழி தேட வேண்டும். 1760களின் தொடக்கத்தில் இருவரும் டிஷ்லிக்குப் போய்ப் பேக்வெல்லிடம் தொழில் கற்றார்கள். 1767இல் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்தில், வுலர் ஊருக்கு அருகே ஃபென்டன் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வடகோடி, குளிர், அதுவரை சோம்பலாக விவசாயம் நடந்த வட்டாரம். அதனால்தான் அங்கே போனார்கள் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே நன்றாக நடக்கிற நிலத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும், கெட்டிக்காரனுக்கு அங்கே இடமில்லை.

அங்கே போவதற்கு முன்பும் பின்பும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். 1765 முதல் 1798 வரை இந்தக் குடும்பம் எழுதிய பயணக் குறிப்புகளும் கடிதங்களும் அச்சாகியிருக்கின்றன. 'பயணக் குறிப்பு' என்றதும் மலை, ஏரி, சூரிய அஸ்தமனம் இருக்கும் என்று ஆசைப்படாதீர்கள். இந்த மண் என்ன மண், ஏக்கருக்கு என்ன வாடகை, என்ன பயிருக்குப் பின் என்ன பயிர், ஆடு எந்த இனம், கலப்பைக்கு எத்தனை குதிரை. மாளிகை எதிர்ப்பட்டால் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் தொழுவத்தைப் பார்ப்பார்கள். படிக்கிறவருக்கு முதல் பத்துப் பக்கம் சலிப்பாக இருக்கும். பதினோராவது பக்கத்தில் அந்தக் கண் நமக்கும் வந்துவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தில் ஃப்ராக்டன் பண்ணையில் டாசன் என்பவர் டர்னிப்பைக் கையால் வீசி விதைக்காமல், பார் கட்டி வரிசையாக விதைத்துக்கொண்டிருந்தார். வரிசை இருந்தால் குதிரைக் கொத்தை ஓட்டிக் களையெடுக்கலாம்; கிழங்கும் பெருக்கும். சகோதரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தானியம், டர்னிப், மறுபடி தானியம், பிறகு குளோவர் புல்லைப் போட்டு இரண்டு மூன்று வருஷம் மேய்ச்சலுக்கு விட்டுவிடுவது. ஆடு மேய்ந்தால் எரு நிலத்திலேயே விழும். பனிக்காலத்தில் டர்னிப் வயலிலேயே ஆட்டை அடைத்துவிடுவார்கள். கொழுத்த ஆடும் மாடும் மார்பெத் சந்தைக்குப் போகும். நியூகாசல் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கப்பல் துறைக்கும் கறி போகும் வழி அது. டிஷ்லியிலிருந்து கிடாக்களை வாடகைக்கு வரவழைத்தார்கள். சில வருஷத்தில் தாங்களே கிடா வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள்.

ஒரு பண்ணை இரண்டாயிற்று, மூன்றாயிற்று. நூற்றாண்டு முடிவதற்குள் பல பண்ணைகள், சில ஆயிரம் ஏக்கர், பெரும்பாலும் குத்தகை. இத்தனை பெரிய பரப்பைத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து நடத்த முடியாது. காகிதம் இங்கேதான் வேலை செய்கிறது. டென்டனில் இருந்த மேலாளருக்கு 1798 முதல் 1804 வரை சகோதரர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு தொகுப்பாகவே வந்திருக்கின்றன. அரசியல், குடும்பம், நோய் என்று கொஞ்சம் வரும்; மற்றதெல்லாம் சந்தை விலை, ஆடு மாடு, விதைப்பு, மழை. ஒரு ஊரின் விலையை இன்னொரு ஊருக்குச் சொல்லி, எங்கே விற்பது, எப்போது நிறுத்திவைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். பேக்வெல் எலும்பில் வைத்திருந்ததை இவர்கள் மையில் வைத்தார்கள்.

ஜார்ஜ் கல்லி அதோடு நிற்கவில்லை. கால்நடைகளைப் பற்றி 1786இல் ஒரு புத்தகம் எழுதினார். 1793இல் விவசாய வாரியம் தொடங்கியபோது, நார்தம்பர்லாந்து பற்றிய அறிக்கையை ஜான் பெய்லி என்பவரோடு சேர்ந்து எழுதி, 1794இல் வெளியிட்டார். குத்தகைக்காரர் ஒருவர் ஒரு மாவட்டத்துக்கே கணக்கு எழுதினார்!

காலமும் கைகொடுத்தது. 1792இல் கோதுமை குவார்ட்டருக்கு 43 ஷில்லிங். குவார்ட்டர் என்பது எட்டு புஷல், நம் கணக்கில் ஏறக்குறைய 220 கிலோ. பிரான்சோடு போர் வந்தது, விளைச்சல் பொய்த்தது; 1801இல் அதே கோதுமை சராசரியாக 119 ஷில்லிங் 6 பென்ஸ். வாடகை பழைய பத்திரத்தில் நிற்கிறது, விலை மட்டும் ஏறுகிறது. குத்தகைக்காரருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. 1795இல் சகோதரர்கள் ஏகெல்ட் என்ற பண்ணையை விலைக்கு வாங்கினார்கள். 1804இல் மேத்யூ காலமானார். 1807இல் குடும்பத்துக்கு ஃபோபரி டவர் என்ற மாளிகை வந்தது. முதுமையில் எழுதிய கடிதம் ஒன்றில், மகன் மாளிகையில் குடியிருப்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது என்கிறார் ஜார்ஜ். ஒரு காலத்தில் இப்போதைய வேலைக்காரர் எவரையும்விடத் தான் கடுமையாக உழைத்ததையும், நிலக்கரி வண்டிகூட ஓட்டியதையும் அதே கடிதத்தில் சொல்கிறார். 1813இல் இறந்தார்.

கரி வண்டி ஓட்டியதை மறைக்காமல் எழுதிய அந்தக் கையை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தக் காகிதங்களைப் படிக்கும்போது ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தச் சில ஆயிரம் ஏக்கரில் டர்னிப் களையெடுத்தது யார்?

பெண்கள். நார்தம்பர்லாந்தில் நிரந்தரப் பண்ணையாளை 'ஹைண்ட்' என்பார்கள். வருஷ ஒப்பந்தம். பணம் கொஞ்சம்தான், கூலியில் பெரும்பகுதி தானியம், ஒரு பசு மேய்க்க உரிமை, குடியிருக்கக் குடிசை, கொஞ்சம் உருளைக்கிழங்கு நிலம், கரி கொண்டுவந்து போடுவது. விலை ஏறிய 1800, 1801 போன்ற வருஷங்களில் தானியக் கூலி அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது உண்மை; தெற்கே காசுக்கூலி வாங்கியவர்கள் ரொட்டிக்குத் திண்டாடினார்கள். ஆனால் குடிசைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆள் தன்னோடு ஒரு பெண்ணையும் வேலைக்குக் கொண்டுவர வேண்டும். மனைவிக்குக் கைக்குழந்தை இருந்தால் மகள். மகளும் இல்லாவிட்டால் தானே ஒரு பெண்ணை அமர்த்தி, தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் 'பாண்டேஜர்' என்று பெயர்.

பனி உறைந்த காலையில் டர்னிப்பைப் பிடுங்கித் தழையை வெட்டிப் போடுவது, எரு இறைப்பது, கல் பொறுக்குவது, கதிரடிக்கும்போது கட்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. இந்த முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நடந்தது, எதிர்ப்பும் எழுந்தது. வயல்வேலை செய்யும் பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி விசாரிக்க 1867இல் அமைக்கப்பட்ட அரசாங்க ஆணையம் இந்த வட்டாரத்துக்கும் வந்தது. விவசாயியின் பேரேட்டிலோ இவர்கள் நாட்கணக்குத்தான். எந்தக் கிடா எந்த ஊருக்குப் போனது என்று நமக்குத் தெரிகிறது. அந்தக் கிடாவுக்குத் தீனி வெட்டிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. இதைச் சொல்லாமல் கல்லி சகோதரர்களைப் புகழ்ந்துவிட்டுப் போனால் அது பாதிக் கணக்கு.

போர் முடிந்ததும் என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1812இல் 126 ஷில்லிங்கைத் தொட்ட கோதுமை, 1822இல் 44 ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. போர்க்கால விலையை நம்பி உயர்ந்த வாடகையில் இருபத்தோரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அழிந்தார்கள். அதே பத்திரம், அதே காலக்கெடு. விலை திசை மாறியதும் அதுவே கழுத்துக்குச் சுருக்கு. நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தபோது விலை இன்னும் இறங்கியது, 1894இல் 23 ஷில்லிங்கைக்கூடத் தொடவில்லை. முதல் உலகப் போருக்கு முன்புவரை நாட்டின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குத்தகைக்காரர் கையில்தான் இருந்தது. இன்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தக் கதை நம்மையும் தொட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அவர் மனதில் இருந்தது ஆங்கில நிலக்கிழாரின் உருவம். ஜமீன்தாருக்கு நிலம் உறுதியானால் அவர் அதில் முதல் போட்டு மேம்படுத்துவார் என்று எதிர்பார்த்தார். 1802 முதல் சென்னை மாகாணத்திலும் அந்தத் திட்டம் வந்தது. சிவகங்கையும் இராமநாதபுரமும் அப்படித்தான் ஜமீன்கள் ஆயின. ஆனால் இங்கிலாந்தில் நிலத்தை மேம்படுத்தியதில் பெரும்பங்கு நிலக்கிழார் செய்ததல்ல. கையில் முதலும் பத்திரத்தில் இருபத்தோரு வருஷமும் வைத்திருந்த கல்லி போன்றவர்கள் செய்தது. கம்பெனி மேல் தட்டை மட்டும் கப்பலேற்றி அனுப்பியது. நடுத் தட்டை விட்டுவிட்டது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்காக மல்லுக்கட்டியதற்கு வேறு காரணங்கள் பல உண்டு. என்றாலும் ஜமீன்தாரிடமிருந்து முதலீட்டை எதிர்பார்த்தது வீண் என்பது என் கருத்து.

பேக்வெல், ஜார்ஜ் கல்லி இருவரில் யார் பெரியவர் என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டினத்தை மாற்றியவர் பேக்வெல், அதில் சந்தேகமில்லை. ஆனால் விவசாயி என்று பார்த்தால் என் ஓட்டு ஜார்ஜ் கல்லிக்குத்தான். ஆசிரியர் திவாலானார், மாணவர் குத்தகையில் தொடங்கி நிலம் வாங்கினார். ஆசிரியரின் முறையை அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து இன்று யாரும் மீட்க முடியாது. மாணவரின் காகிதங்கள் நார்தம்பர்லாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, யாரும் போய்ப் படிக்கலாம். டிஷ்லியின் நியூ லெஸ்டர் ஆடு அதன் பழைய வடிவில் மறைந்துவிட்டது. கல்லி சகோதரர்கள் வடக்கே கொண்டுபோன மந்தையிலிருந்து கிளைத்த பார்டர் லெஸ்டர் இன்றும் ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இனக்கலப்புக்குப் பயன்பட்டு வருகிறது.